களைக்கொல்லி கலந்த நீரும் ஒளிவினையூக்கிகளும்

ஒளி பட்டதும் வேலை செய்யத் தொடங்கும் குறைகடத்தித் தூளைக் கொண்டு நீரில் கரைந்த களைக்கொல்லியைச் சிதைப்பது ஒளிவினையூக்க முறை. இதற்குப் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு பயன்படுகிறது. வெள்ளை பெயின்ட்டுக்கு நிறம் தருவதும் இதே சேர்மம்தான்; படிக வடிவம் மட்டும் பொதுவாக வேறு. இதன் அனடேஸ் வடிவத்துக்கு ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் எலக்ட்ரான் மேலே தாவும். அது விட்டுச்சென்ற துளை நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்குகிறது. களைக்கொல்லியைப் பெரிதும் சிதைப்பது அதுவே. வெயிலுக்குப் பஞ்சமில்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சூரிய ஒளியில் இதற்கு உதவும் பங்கு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது.

1972-இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே சேர்மத்தாலான மின்வாயில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டியதிலிருந்து இத்துறை வேகம் பெற்றது. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழக வேதியியலாளர் வே. முருகேசன் குழுவினர், சியோலைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடை ஏற்றி 2,4-டி களைக்கொல்லியை நீக்கிய ஆய்வை 2006-இல் வெளியிட்டனர். சியோலைட்டின் நுண்துளைகள் களைக்கொல்லியை ஈர்த்து வினையூக்கியின் அருகிலேயே நிறுத்துகின்றன. வெறும் தூளாகக் கலந்தாலோ தண்ணீர் மோர்போல வெளுத்துவிடும். அந்தத் தூளை மீண்டும் வடித்தெடுப்பது பெரும்பாடு.

சிதைவு பாதியில் நிற்கக் கூடாது. 2,4-டி உடையும்போது நடுவில் டைகுளோரோபீனால் உருவாகிறது, அதுவும் நச்சு. தொடர்ந்து ஒளி பட்டால்தான் கார்பன் டை ஆக்சைடு, நீர், குளோரைடு என முடியும். அட்ரசின் என்ற களைக்கொல்லியோ முழுதாக உடைவதில்லை. அதன் வளையம் சயனூரிக் அமிலமாக நின்றுவிடுகிறது. ஆகவே ‘மருந்து காணாமல் போனது’ என்ற ஆய்வக முடிவை மட்டும் வைத்து நீர் சுத்தமாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. இந்தியக் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500: 2012) லிட்டருக்கு 2,4-டி 30 மைக்ரோகிராம், அட்ரசின் 2 மைக்ரோகிராம் என வரம்பு வைத்திருக்கிறது.

கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே சிப்காட் வளாகமும் கருங்கல் தொழிலும் மாந்தோப்புகளும் உள்ள பர்கூர்ப் பகுதியில் (மாட்டினத்துக்குப் பெயர்பெற்ற அந்தியூர் மலைப் பர்கூர் வேறு) இம்முறையைச் சோதிப்பது களைக்கொல்லியைவிட நீரின் குணம்தான். பாறை நிலத்துப் போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் கரைந்திருக்கும்; அது ஹைட்ராக்சில் தனியுறுப்பை விழுங்கி, வீரியம் குறைந்த கார்பனேட் தனியுறுப்பைத் தருகிறது. காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த வேகத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. இம்மாவட்டத்தின் தீராத தொல்லையான புளூரைடையும் ஒளிவினையூக்கி அகற்றாது; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பெங்களூருக் கழிவு கலந்து தென்பெண்ணை வழியாக ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வரும் நுரைநீரிலும் தனியுறுப்பு வீணாகும் அதே சிக்கல்தான். தனியுறுப்புக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது; சோப்புப் பொருளிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அணை நீரைவிட, களைக்கொல்லி செறிந்த சிறிதளவு கழிவுநீருக்கே இம்முறை பொருந்தும். ஸ்பெயினில் பசுமைக்குடில்கள் நிறைந்த அல்மெரியா வட்டாரத்தில், காலி மருந்து டப்பாக்களைக் கழுவிய நீரைச் சூரிய ஒளியால் சுத்திகரிக்கும் ஆலை அமைக்கப்பட்டது. இரும்பு அயனியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த ஒளி-ஃபென்டன் முறையும் அங்கே விரிவாக ஆராயப்பட்டது. ஓசூர் ரோஜாக் குடில்களிலும் பர்கூர் மாந்தோப்புகளிலும் தெளிப்பான் கழுவும் தண்ணீர் ஏறக்குறைய இதே வகைதான்.