நடுவர் திறன் (கூடைப்பந்து)

கூடைப்பந்தில் பயிற்றுநர்கள் நடுவரை இருவகையில் எடைபோடுகின்றனர். விதியறிவு, ஓட்டம், சரியான கோணத்தில் நிற்பது ஆகியவை தொழில்திறன். பேச்சு, பொறுமை, உடல்மொழி ஆகியவை பழகுதிறன். பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி 28 மீட்டர் நீளக் களத்தில் முதன்மை நடுவரும் ஒன்று அல்லது இரண்டு துணைநடுவர்களும் பணியாற்றுவர். கோட்டருகே நிற்கும் பயிற்றுநருக்கு அவர்களின் ஒவ்வொரு முகக்குறிப்பும் தெரியும்.

பயிற்றுநர்கள் பெரிதும் மதிப்பது சீர்மையையே. முதல் கால்பகுதியில் தவறெனப்பட்ட மோதல், கடைசிக் கால்பகுதியிலும் தவறாகவே இருக்க வேண்டும். ஒரு பிழையான விசிலைப் பலர் பொறுத்துக்கொள்வர். காரணம் கேட்கும்போது முகம் திருப்பும் நடுவரை மறக்கமாட்டார்கள். அந்த மனக்குறை நியாயமானதே. ஆயினும் தோற்ற அணியின் மதிப்பீட்டில் ஆட்ட முடிவின் நிழல் விழக்கூடும்.

வாக்குவாதம் எல்லைமீறினால் தொழில்நுட்பத் தவறு விதிக்கப்படும். எதிரணிக்கு ஓர் இலவச எறிவு கிடைக்கும். தம் நடத்தைக்காக இருமுறை அது பெறும் தலைமைப் பயிற்றுநர் வெளியேற்றப்படுவார்.