இடிக்கும் அதிகாரமும் கட்டும் அதிகாரமும்: சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்ட் (1927-1960)

முன்னுரை

உள்ளாட்சி என்றதும் நம் நினைவுக்கு வருபவை நகராட்சியும் ஊராட்சியுமே. ஓர் எல்லைக்குள் சாலை, குடிநீர், விளக்கு, துப்புரவு எனப் பல பணிகளையும் ஒருசேரக் கவனிக்கும் பொது அமைப்புகள் அவை. இவற்றினின்றும் வேறுபட்டது, ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்காக மட்டும் சட்டத்தால் தோற்றுவிக்கப்படும் தனியமைப்பு. இத்தகைய அமைப்பு ஒன்றை ஆராய முற்படும்போது ஐந்து வினாக்களை நாம் எழுப்ப வேண்டியுள்ளது. அதன் எல்லை எது? நோக்கம் யாது? வருவாய் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு அதிகாரம் அதற்கு வழங்கப்பட்டுள்ளது? அது யாருக்குப் பொறுப்புடையது? சிங்கப்பூரில் 1927ஆம் ஆண்டு தோன்றிய மேம்பாட்டு டிரஸ்டின் வரலாற்றை இவ்வினாக்களின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றப் பின்னணி

சிங்கப்பூர் நகராட்சி 1856ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருப்பெற்றது. அப்போது நீரிணைக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் இந்திய ஆட்சியின் கீழ் இருந்தமையால் அச்சட்டம் இந்தியாவிலேயே இயற்றப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. நகரம் வளர்ந்த வேகத்திற்கு நகராட்சியின் ஆற்றல் ஈடுகொடுக்கவில்லை. கடைவீடுகளின் உட்பகுதிகள் சாளரமற்ற சிற்றறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்குண்டு வாழ்ந்தன. காசநோய் பெருகியது. 1907ஆம் ஆண்டு நகரின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்த பேராசிரியர் சிம்சன், முன்னர்க் கல்கத்தா நகரின் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றியவர். வீட்டு வரிசைகளுக்குப் பின்னே சந்துகள் அமைத்து வெளிச்சமும் காற்றும் புகச் செய்தல் வேண்டும் என்பது அவருடைய முதன்மையான பரிந்துரைகளுள் ஒன்று. 1918ஆம் ஆண்டின் வீட்டுவசதி ஆணையம் ஒரு படி மேலே சென்று, இப்பணிக்கெனத் தனி டிரஸ்ட் ஒன்று வேண்டும் எனக் கூறிற்று.

இக்கருத்துக்கு முன்மாதிரிகள் இருந்தன. கிளாஸ்கோ நகரம் 1866ஆம் ஆண்டிலேயே நகர மேம்பாட்டுச் சட்டம் ஒன்றைப் பெற்றிருந்தது. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியதைத் தொடர்ந்து 1898இல் அந்நகருக்கு மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. கல்கத்தாவுக்கான சட்டம் 1911இல் நிறைவேறியது. ஆகவே, சிங்கப்பூர் டிரஸ்டை ஒரு தனி நிகழ்வாகக் கொள்ளாமல், பேரரசின் துறைமுக நகரங்களிடையே பரவிய ஒரு நிர்வாக முறையின் கிளையாகவே நாம் கொள்ளுதல் பொருந்தும்.

சட்டம் வழங்கியதும் வழங்காததும்

சிங்கப்பூர் மேம்பாட்டுச் சட்டம் 1927இல் நிறைவேறி, அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் டிரஸ்ட் செயற்படத் தொடங்கியது. நகருக்கான பொது மேம்பாட்டு வரைபடத்தை வகுத்தல், சாலைகளுக்கும் பின்சந்துகளுக்கும் நிலம் ஒதுக்குதல், குடியிருக்கத் தகாத கட்டடங்களை அடையாளங்கண்டு அகற்றுதல் ஆகிய பணிகள் அதற்கு உரியனவாயின. எல்லையும் நோக்கமும் தெளிவாகவே இருந்தன. குறை அதிகாரத்தில்தான் இருந்தது. மக்களுக்குப் பொதுவாக வீடு கட்டித்தரும் உரிமை தொடக்கத்தில் டிரஸ்டுக்கு இல்லை. தன் திட்டங்களால் வீடிழந்தோருக்கு மட்டுமே அது வீடமைக்கலாம்.

இவ்வரம்பின் விளைவு எளிதில் புலப்படும். நெரிசல் மிக்க கட்டடத்தை இடித்தால் அங்கிருந்தோர் அடுத்த தெருவின் கட்டடத்திற்குச் செல்வர். அங்கு நெரிசல் மேலும் கூடும். எனவே, இடிக்கும் உரிமை இருந்தும் அதனை முழு அளவில் பயன்படுத்த இயலாத நிலை ஏற்பட்டது. 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் ஐந்தரை இலட்சத்தைத் தாண்டியிருந்த சிங்கப்பூரின் மக்கள்தொகை 1947இல் ஒன்பது இலட்சத்தைக் கடந்துவிட்டது.

1936இல் தியோங் பாருவில் டிரஸ்டின் முதல் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. இன்றும் எழில் குன்றாமல் நிற்கும் அக்குடியிருப்பு ஒரு சாதனையே. எனினும், அங்குக் குடியேறியோர் பெரும்பாலும் வாடகை செலுத்தும் வசதியுடையோர். கடைவீட்டுச் சிற்றறைகளில் வாடியோரின் நிலை பெரிதும் மாறவில்லை. போருக்குப் பின்னர் டிரஸ்ட் விரைந்து கட்டியது. குவீன்ஸ்டவுன் புறநகர்த் திட்டமும் அதன் கைவண்ணமே. ஆயினும், 32 ஆண்டுகளில் அது கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகள் மட்டுமே.

பொறுப்பு என்னும் வினா

டிரஸ்டின் குறையை அதிகாரக் குறை என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. 1913ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சித் தேர்தல்களை நீக்கி, உறுப்பினர் அனைவரையும் நியமன உறுப்பினராக்கிவிட்டது. 1949இல்தான் நகராட்சிக்கு மீண்டும் தேர்தல் நடைபெற்றது. எனவே, 1927இல் பிறந்த டிரஸ்டை எந்த வாக்காளரும் வினவ இயலவில்லை. யாருடைய வீடு இடிக்கப்படுமோ அவர்களுக்கு அம்முடிவில் குரல் இல்லை. ஒரு நோக்கத்திற்கெனத் தனியமைப்பு நிறுவுவோர், அரசியல் பூசல்களிலிருந்து அது விலகி நிற்கும் என்பதையே அதன் சிறப்பாகக் கூறுவதுண்டு. அவ்வாறு விலகி நின்ற அமைப்பு மக்களிடமிருந்தும் விலகி நின்றதையே இங்கு நாம் காண்கிறோம்.

1960ஆம் ஆண்டு மாற்றம்

1960 பிப்ரவரி 1ஆம் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் டிரஸ்டின் இடத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் நிகழ்ந்த தீ விபத்து ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றோராக்கியது. அவர்களுக்கு மாற்று வீடு வழங்கும் பணி புதிய கழகத்தின் முதற்பெரும் சோதனையாயிற்று. 1965ஆம் ஆண்டுக்குள் கழகம் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1966ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம் அதன் பணியை மேலும் எளிதாக்கிற்று. நோக்கம், நிலம், நிதி, அதிகாரம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் திரண்டமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனலாம். தேர்தலில் வென்ற அரசின் ஆதரவு அதற்குப் பின்பலமாக நின்றது.

இதே காலத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. 1957இன் இறுதியில் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைப் பெற்ற மாநகராட்சி மன்றம் நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் பணிகள் 1963க்குள் அரசுத் துறைகளிடமும் சட்டமுறைக் கழகங்களிடமும் சேர்ந்தன. வீடு கிடைத்தது; உள்ளாட்சி மறைந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே வரலாறு மதிப்பிட வேண்டும். 1986இல் அங் மோ கியோவில் சோதனை முறையில் தொடங்கி, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிபெற்ற நகர மன்றங்கள் அவ்விடைவெளியை ஓரளவு நிரப்பின. குடியிருப்புகளின் பொது இடங்களைப் பேணுதலும் அதற்கான பராமரிப்புக் கட்டணத்தைத் திரட்டுதலும் அவற்றின் பணி. வாக்காளர் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவற்றை வழிநடத்துகின்றனர். ஆயின், வரி விதிக்கும் அதிகாரமும் நகரமைப்பு அதிகாரமும் அவற்றுக்கு இல்லை.

முடிவுரை

டிரஸ்டுக்கு நோக்கம் இருந்தது. போதிய அதிகாரம் இல்லை. மக்களுக்கு விடை கூறும் கடப்பாடும் இல்லை. கழகத்திற்கு அதிகாரம் கிட்டியது; அதன் பொறுப்பு நாட்டின் அரசு வழியாக அமைந்தது. நகர மன்றத்திற்கு உள்ளூர்ப் பொறுப்பு மீண்டது, அதிகாரம் சுருங்கியது. சிறப்பு நோக்க அமைப்பு ஒன்றின் வெற்றி தோல்வியை அதில் பணிபுரிந்தோரின் திறமையால் மட்டும் அளப்பது முறையன்று; அதனைப் படைத்த சட்டத்தின் சொற்களையும் நாம் படித்தாக வேண்டும். தியோங் பாருவின் வளைந்த மாடிப்படிகளை நம் மாணவருக்குக் காட்டும் ஆசிரியர், அவை எவருக்காகக் கட்டப்பட்டன, எவருக்கு எட்டாமற்போயின என்பதையும் உடன் கூறுவாராயின், அதுவே நிறைவான வரலாற்றுப் பாடமாக அமையும்.