கிளாரெண்டன்: தெருவிலிருந்து அகராதிக்கு வந்த எழுத்து

அகராதியைத் திறக்கும் மாணவரின் கண் முதலில் தேடுவது தடித்த எழுத்தில் அச்சான தலைச்சொல்லையே. மெல்லிய வரிகளுக்கிடையே கருத்த சொல்லொன்று நிற்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில நூலச்சில் அஃது இயல்பன்று. ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டச் சாய்வெழுத்தையோ, சிறிய அளவிலான தலைப்பெழுத்துகளையோ, கோதிக் எனப்படும் பழைய கருப்பெழுத்தையோதான் அச்சுக்கோப்பவர் நாடினார்.

தடிப்பு தெருவில் பிறந்தது. இலண்டன் சுவர்களில் நாடகம், ஏலம், பரிசுச்சீட்டு முதலியவற்றின் அறிவிப்புகள் ஒன்றையொன்று முந்த முயன்ற காலம் அது. 1815 எனத் தேதியிட்ட தம் மாதிரி ஏட்டில் வின்சென்ட் ஃபிகின்ஸ் ‘ஆன்டீக்’ என்ற எழுத்தைக் காட்டினார். உரோமன் எழுத்துக் கோடுகளின் முனையில் குறுக்காக அமையும் சிறு கோட்டைச் செரிஃப் என்பர். இங்கு அதனை முனைக்கட்டு என்போம். நூலெழுத்தில் அது மயிரிழைபோல் மெல்லியது. ஃபிகின்ஸின் எழுத்திலோ தூணுக்கு இணையான தடிப்புடன் செங்கல்போல் தட்டையாக அமைந்தது. அதற்குமுன் வழங்கிய பருத்த விளம்பர எழுத்துகளில் தூண் மட்டுமே தடித்திருந்தது. மெல்லிய கோடுகள் தொலைவில் மறைந்துவிடும். இதில் மறைவதற்கு மெல்லிய கோடே இல்லை.

இவ்வகைக்கு நிலைத்த பெயர் ‘எகிப்தியன்’. மொழியியல் பயின்ற நாம் இப்பெயரைச் சற்று நின்று நோக்காமல் கடக்க இயலாது. நெப்போலியனின் படையெடுப்பிற்குப்பின் இங்கிலாந்தில் எகிப்தின்மீது பெருமோகம் எழுந்தது. எகிப்திய எழுத்துகளோடு இவ்வச்செழுத்துக்கு உறவேதுமில்லை. இன்னும் வியப்பு யாதெனில், நான்காம் வில்லியம் காஸ்லன் 1816 அளவில் இதே பெயரை முனைக்கட்டே இல்லாத எழுத்துக்கு இட்டிருந்தார். சில ஆண்டுகளில் அது முனைக்கட்டு மிகுந்த எழுத்துக்குத் தாவிற்று. 1929இல் ஜெர்மனியில் வெளிவந்த இவ்வகை எழுத்தொன்றுக்கும் ‘மெம்பிஸ்’ என்றே பெயரிட்டனர்!

1845இல் ராபர்ட் பெஸ்லியின் ஃபான் தெரு எழுத்துவார்ப்பகத்திற்காக பெஞ்சமின் ஃபாக்ஸ் வெட்டிய ‘கிளாரெண்டன்’ இவ்வெழுத்தை நூலுக்குள் அழைத்து வந்தது. தடித்த கோட்டிற்கும் மெல்லிய கோட்டிற்கும் ஓரளவு வேறுபாடு காட்டி, முனைக்கட்டைத் தூணோடு வளைவாக இணைத்து, உடலை ஒடுக்கினார் ஃபாக்ஸ். அதனால் நூலெழுத்துக்கு அருகில், ஒரே வரியில், அது உறுத்தாமல் நின்றது. உரத்த குரலை உரையாடலுக்கு ஏற்பத் தணித்த இச்செயலையே, ஃபிகின்ஸின் துணிவைக் காட்டிலும், நாம் பெரிதாக மதிக்கிறோம்.

வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பெஸ்லி பெற்ற பாதுகாப்பு 3 ஆண்டுகளே. அது முடிந்ததும் பிற வார்ப்பகங்கள் தத்தம் கிளாரெண்டனை வார்த்தன. பெஸ்லிக்கு அது இழப்பு. மொழிக்கோ ஒரு வரவு. அச்சகப் பேச்சில் ‘கிளாரெண்டன்’ என்பது தடித்த எழுத்து எதையும் குறிக்கும் பொதுப்பெயராயிற்று. 1884இல் முதற்பகுதி வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியில், பக்கத்திற்கு மூன்று பத்திகளாக மேற்கோள்கள் சிற்றெழுத்தில் நெருங்கி நிற்க, அவற்றினிடையே தலைச்சொற்கள் தடித்த எழுத்தில் அமைந்தன.