ரேகைச் சட்டம்

சில வருடங்களுக்கு முன் ஒரு கடன் செயலிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே சம்பளம், ஒழுங்காகத் தவணை கட்டிய அதே வரலாறு. இருந்தும் சோதனையில் ஒருவருக்குக் கடன் கிடைத்தது, இன்னொருவருக்கு இல்லை. வித்தியாசம் பின்கோடு மட்டும்தான். டீம் லீடிடம் கேட்டேன். "நாம சொல்லலப்பா, மாடல் சொல்லுது" என்றார். நானும் அதை அப்படியே அனுப்பிவைத்தேன்.

பிறகு குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பற்றிப் படித்தபோது அந்தப் பதில்தான் ஞாபகம் வந்தது. 1871-ல் வட இந்தியாவில் தொடங்கிய இந்தச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்து ஜனங்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிடும். அதன்பின் அதில் பிறந்த ஓர் ஆள் திருடினாரா என்ற கேள்விக்கே இடமில்லை. பதிவேட்டில் பெயரும் விரல் ரேகையும் ஏறிவிடும். ராத்திரியானால் போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். சரி, கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் அந்த வழியும் அடைபட்டிருந்தது. அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். பிறமலைக் கள்ளர்கள் கூலி வாங்கிக்கொண்டு ஊர்களுக்குக் காவல் இருந்தார்கள். கூலி தராத ஊரில் மாடு காணாமல் போகும், துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும் என்ற புகார்கள் இருந்தன. 1890களில் மதுரை மாவட்ட விவசாயிகள் திரண்டு காவல் முறையை எதிர்த்தார்கள். மாட்டைப் பறிகொடுத்தவனுக்கும் உரிமை உண்டு, அவனைக் காப்பது அரசின் வேலைதான். ஆனால் திருடியவனைப் பிடித்து, சாட்சி வைத்து, நிரூபிப்பது சிரமமான வேலை. பிறப்பைப் பார்த்துப் பதிவேடு போடுவது சுலபம். அரசு சுலபமானதைச் செய்தது.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மாயக்காளும் அதில் ஒருவர்.

அதே அரசு அதே மக்களுக்குச் 'சீரமைப்பு' என்ற பெயரில் பள்ளிகளும் திறந்தது. அவற்றில் படித்து மேலே வந்த குடும்பங்கள் ஏராளம். எனக்கு இந்த இடம்தான் சிக்கலாக இருக்கிறது. ரேகை எடுத்தவர்களில் பலர் தாங்கள் நல்லது செய்வதாகவே நம்பியிருப்பார்கள். நல்லெண்ணம் இருந்ததா என்று பார்த்தால் போதாது. பட்டியலில் ஏறியவன் "நான் என்ன செய்தேன்?" என்று கேட்க ஓர் இடம் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

1947-ல் சென்னை மாகாணத்திலும் 1952-ல் நாடு முழுக்கவும் சட்டம் ஒழிந்தது. வழக்கமான குற்றவாளிகள் என்ற பெயரில் வேறு சட்டங்கள் வந்தன. ஆனால் அவை, ஏட்டளவிலாவது, ஒருவன் செய்ததைப் பார்த்தன.

கடன் கிடைக்காததும் போலீஸ் காவலில் தூங்குவதும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் நான் எழுதிய திரையில் "உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை" என்ற ஒரு வரி மட்டும் வரும். ஏன் என்று கேட்க அதில் பட்டன் இல்லை. வைக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.