டீக்கடைக்காரர்கள் கட்டிய கம்ப்யூட்டர்



உலகிலேயே முதன்முதலாக வியாபாரக் கணக்குப் போடுவதற்கென்று கம்ப்யூட்டர் கட்டி, அதைத் தினசரி வேலைக்கு வைத்துக்கொண்ட கம்பெனி எது? கல்லூரி வினாடி வினாவில் இதைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "ஐ.பி.எம்." என்பார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் "யுனிவாக்" என்பார்கள். இரண்டும் தவறு. அந்தப் பெருமை லண்டனில் டீயும் பன்னும் விற்றுக்கொண்டிருந்த ஒரு கம்பெனியைச் சேரும். பெயர் ஜே. லயன்ஸ் அண்ட் கம்பெனி. கம்ப்யூட்டரின் பெயர் 'லியோ'. 'லயன்ஸ் எலெக்ட்ரானிக் ஆபீஸ்' என்பதன் முதல் எழுத்துகள் சேர்ந்தால் லியோ.

"டீக்கடைக்காரனுக்கு எதுக்கு சார் கம்ப்யூட்டர்?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்தக் கேள்விக்குள்தான் இந்தக் கட்டுரை முழுவதும் இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்குள் புதுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு வருகிறவர் யார், அவர் எதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று இன்று மேலாண்மைப் படிப்புகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுபது வருடத்துக்கு முன்பே அதைச் செய்து காட்டியவர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

சில்லறை லாபத்தில் ஒரு சாம்ராஜ்யம்

லயன்ஸ் கம்பெனியின் முதல் டீக்கடை 1894-ல் லண்டன் பிக்கடிலியில் திறக்கப்பட்டது. பின்னர் இங்கிலாந்து முழுவதும் பரவி, உச்சத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள் ஆயின. 'கார்னர் ஹவுஸ்' என்ற பெயரில் பல மாடி உணவு விடுதிகளும் உண்டு. ரொட்டி, கேக், ஐஸ்கிரீம், டீத்தூள் எல்லாம் சொந்தத் தயாரிப்பு. தலைமையகமும் பெரிய பேக்கரிகளும் லண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியில் 'காட்பி ஹால்' என்ற வளாகத்தில் இருந்தன.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் என்ன? ஒரு கோப்பை டீயில் கிடைக்கும் லாபம் அற்ப சொற்பம். ஆனால் நாள்தோறும் லட்சக்கணக்கான கோப்பைகள், பன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பில். ஒவ்வொரு பில்லையும் கூட்டிச் சரிபார்க்க ஒரு குமாஸ்தா. ஒரு பென்னி டீக்கு அரைப் பென்னி கணக்குச் செலவு ஆகிவிட்டால் கம்பெனி என்ன ஆகும்? நம்மூர் ஓட்டல் முதலாளிகளைக் கேட்டால் உடனே சொல்வார்கள்! ஆகவே லயன்ஸைப் பொறுத்தவரை ஆபீஸ் செலவைக் குறைப்பது என்பது உயிர்ப் பிரச்சினை.

சிம்மன்ஸ் என்ற மனிதர்

1923-ல் ஜான் சிம்மன்ஸ் என்ற இளைஞர் லயன்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து உயர்ந்த தேர்ச்சி பெற்றவர். அப்படிப்பட்டவர் பன் விற்கிற கம்பெனிக்கு ஏன் போனார் என்று அக்காலத்தில் பலர் வியந்திருப்பார்கள். அவர் அங்கே ஒரு புதுமை செய்தார். 1930-களின் தொடக்கத்தில் 'சிஸ்டம்ஸ் ரிசர்ச்' என்ற பிரிவு கம்பெனிக்குள் உருவாயிற்று. அதற்கு ஒரே வேலைதான். ஒரு காகிதம் ஆபீஸில் எங்கே பிறக்கிறது, யார் யார் கைக்குப் போகிறது, எதற்காகப் போகிறது, போகாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று பார்த்துக்கொண்டே இருப்பது.

கம்ப்யூட்டர் என்ற வஸ்துவே பிறப்பதற்கு முன்னால், ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இந்த ஆராய்ச்சி நடந்தது என்பதைத் தம்பிகள் குறித்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் வந்து சேர்ந்தபோது, அதற்கு என்ன வேலை கொடுப்பது என்று லயன்ஸ்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவில்லை. வேலை தயாராக இருந்தது. இயந்திரம்தான் பாக்கி!

அமெரிக்கா போய்க் கேம்பிரிட்ஜைக் கண்டது

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. 1947-ல் டி.ஆர். தாம்ஸன், ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரண்டு அதிகாரிகளை லயன்ஸ் அமெரிக்காவுக்கு அனுப்பியது. போர்க்காலத்தில் அங்கே ஆபீஸ் முறைகள் எவ்வளவு முன்னேறியிருக்கின்றன என்று பார்த்து வரச் சொன்னார்கள். ஆபீஸ் விஷயத்தில் பெரிதாக ஒன்றும் கிட்டவில்லை. ஆனால் 'எலெக்ட்ரானிக் மூளை' பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகள் அவர்களை ஈர்த்திருந்தன. பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற கணித நிபுணரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் சொன்ன தகவல்தான் வேடிக்கை. உங்கள் ஊர்க் கேம்பிரிட்ஜிலேயே மாரிஸ் வில்க்ஸ் என்பவர் இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே என்றார்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

ஊர் திரும்பி அறிக்கை கொடுத்தார்கள். விஞ்ஞானிகளும் ராணுவத்தாரும் பயன்படுத்துகிற இந்த இயந்திரத்தை ஆபீஸுக்குக் கொண்டு வந்தால் என்னென்ன செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். இயக்குநர் குழு வில்க்ஸின் ஆய்வுக்குச் சில ஆயிரம் பவுண்டு நன்கொடை கொடுத்ததோடு, எர்னஸ்ட் லெனார்ட்ஸ் என்ற தன் ஊழியரையும் உதவிக்கு அனுப்பியது. பணம் கொடுத்தால் ரசீது வரும். ஆளை அனுப்பினால் அறிவு வரும் என்ற கணக்கு!

1949 மே 6-ல் கேம்பிரிட்ஜின் 'எட்சாக்' கம்ப்யூட்டர் முதல் கணக்கைப் போட்டது. அதன் பிறகு லயன்ஸ் முழுமூச்சாக இறங்கியது. ஜான் பிங்கர்ட்டன் என்ற பொறியாளர் தலைமையில் எட்சாக்கின் அமைப்பைப் பின்பற்றிக் காட்பி ஹாலிலேயே லியோவைக் கட்டினார்கள்.

லியோ பிறந்தது

சுமார் ஆறாயிரம் வால்வுகள். பாதரசக் குழாய்களில் ஒலி அலைகளாக எண்களைச் சுழல விட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளும் முறை. மொத்த நினைவகம் இன்றைய கணக்கில் ஒன்பது கிலோபைட்டுக்கும் குறைவு. இன்று கைபேசியில் நாம் எடுக்கும் ஒரு போட்டோ இதைப் போலப் பல நூறு மடங்கு இடம் பிடிக்கும்.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் உண்டு. விஞ்ஞானிக்குக் கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும்? உள்ளே போடுவது கொஞ்சம், கணக்கு ஏராளம், வெளியே வருவது கொஞ்சம். ஆபீஸ் வேலையோ நேர்மாறு. பத்தாயிரம் பேருக்குச் சம்பளம் போட வேண்டுமென்றால் பத்தாயிரம் பேரின் விவரம் உள்ளே போக வேண்டும். கணக்கு என்னவோ சாதாரணக் கூட்டல் கழித்தல்தான். பிறகு பத்தாயிரம் சீட்டு அச்சாகி வெளியே வர வேண்டும். எட்சாக்கை அப்படியே நகல் எடுத்திருந்தால் லியோ வாசலிலேயே மூச்சு முட்டி நின்றிருக்கும். பிங்கர்ட்டன் அதைப் புரிந்துகொண்டு, பல வழிகளில் ஒரே சமயத்தில் தகவல் உள்ளே வரவும் வெளியே போகவும் ஏற்பாடு செய்தார். வேலையின் தன்மை தெரிந்ததால் இயந்திரத்தின் அமைப்பு மாறியது.

1951 செப்டம்பர் 5-ல் பேக்கரி மதிப்பீட்டுக் கணக்கு சோதனையாக ஓடியது. அந்த வாரம் தயாரான ரொட்டி, கேக், பை வகைகளின் அடக்க விலை, விற்பனை விலை, லாபம் எல்லாவற்றையும் கணக்கிடும் வேலை அது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அந்தப் பொறுப்பை லியோ முழுமையாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி லூயிவில் தொழிற்சாலையில் யுனிவாக் வைத்துச் சம்பளக் கணக்குப் போட்டது 1954-ல்தான்!

சம்பளக் கணக்கில் லயன்ஸ் காட்டிய நிதானம் பாராட்டுக்குரியது. தொழிலாளியின் சம்பளத்தில் பிசகு வந்தால் அடுத்த நாள் யாரும் கம்ப்யூட்டரை நம்ப மாட்டார்கள். ஆகவே பழைய முறையையும் புதிய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்து, 1954-ன் தொடக்கத்தில்தான் லியோவிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அனுபவமுள்ள குமாஸ்தா ஓர் ஆளுக்கு எட்டு நிமிடம் எடுத்துக்கொண்ட கணக்கை லியோ ஒன்றரை வினாடியில் முடித்தது. ஃபோர்டு மோட்டார் கம்பெனியே தன் ஆட்களின் சம்பளக் கணக்கை இந்த டீக்கடைக் கம்பெனியிடம் கொடுத்து வாங்கியது என்றால் பாருங்களேன்!

டீக்கடை அம்மாவின் டெலிபோன்

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். நாளைக்கு எத்தனை பன், எத்தனை கேக் வேண்டுமென்று ஒவ்வொரு டீக்கடையின் மேலாளர் அம்மாவும் தினமும் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டியிருந்தது. நாள் முழுக்கக் கடையில் நின்றவருக்கு இது பெரிய தலைவலி.

வேறொருவராக இருந்தால் அதே படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு "நவீனமயமாக்கிவிட்டோம்" என்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார். லயன்ஸ்காரர்கள் முதலில் யோசித்தார்கள். திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை ஒரு கடையின் தேவை பெரிதாக மாறுகிறதா? இல்லையே! ஆகவே கிழமைவாரியாக ஒவ்வொரு கடைக்கும் ஒரு வழக்கமான பட்டியலைத் தயார் செய்து லியோவிடம் வைத்தார்கள். பிற்பகலில் தலைமையகத்திலிருந்து டெலிபோன் வரும். மேலாளர் அம்மா மாறுதலை மட்டும் சொன்னால் போதும். "நாளைக்குப் பன் இரண்டு டஜன் கூட வேணும், மத்ததெல்லாம் வழக்கம் போலத்தான்." அவ்வளவே. கேட்பவர் அதை அப்படியே அட்டையில் துளையிட்டு விடுவார்.

அந்த ஒரு தகவலிலிருந்து இரவுக்குள் என்னென்ன கிளம்பியது தெரியுமா? பேக்கரி எவ்வளவு தயாரிக்க வேண்டும், எந்தக் கடைக்கு எதைக் கட்டி வைக்க வேண்டும், எந்த வண்டி எப்போது போக வேண்டும், கடைக்கு எவ்வளவு பில், நிர்வாகத்துக்கு என்ன அறிக்கை என அத்தனையும் வந்தன. 1954-ல் இது நடந்தது. இன்று பல கோடி ரூபாய் கொடுத்துக் கம்பெனிகள் வாங்குகிற ஒருங்கிணைந்த மென்பொருளின் கொள்ளுப்பாட்டி இதுதான்.

பிரெஞ்சு படித்தவர், பட்டமே இல்லாதவர்

இந்த வேலைகளை லியோவுக்கு ஏற்ற வகையில் பிரித்து வடிவமைத்த குழுவின் தலைவர் டேவிட் காமினர். கல்லூரிப் பட்டம் பெறாதவர். 1936-ல் லயன்ஸில் பயிற்சியாளராகச் சேர்ந்து, உலகப் போரில் ஒரு காலை இழந்து திரும்பியவர். சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்று இன்று நாம் சொல்லும் தொழிலுக்கு முன்னோடி அவரே. அவர் குழுவில் இருந்த மேரி கூம்ஸ் கல்லூரியில் படித்தது பிரெஞ்சு. லயன்ஸ் ஐஸ்கிரீம் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தவர். கம்பெனிக்குள் நடந்த தேர்வில் தேறி, 1952-ல் லியோ குழுவுக்கு வந்தார். வர்த்தகக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிய முதல் பெண்மணி என்று போற்றப்படும் அவர் 2022-ல் காலமானார்.

"நான் பி.காம்.தானே, நான் தமிழ் இலக்கியம்தானே, எனக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று தயங்கி நிற்கும் தம்பி தங்கைகள் இந்த இருவரையும் நினைவில் வையுங்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

கதை சுபமாக முடிந்திருந்தால் இன்று ஐ.பி.எம். இருக்கும் இடத்தில் லியோ இருந்திருக்கும். 1954-லேயே லியோ கம்ப்யூட்டர்ஸ் என்ற தனிக் கம்பெனி தொடங்கி, இயந்திரங்களைப் பிறருக்கு விற்கவும் செய்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் வந்த மூன்றாவது மாடல் ஒரே சமயத்தில் பல வேலைகளைப் பார்க்கும் அளவுக்கு நவீனமானது. ஆனால் விற்ற எண்ணிக்கை எல்லாம் சேர்த்தும் நூறைத் தொடவில்லை. 1959-ல் அறிமுகமான ஐ.பி.எம். 1401 மாடலோ பத்தாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஒவ்வொரு மாடலுக்கும் பணத்தைக் கொட்ட வேண்டும். ஊர் ஊராக விற்பனைப் படை வேண்டும். உணவுக் கம்பெனியின் கஜானா எவ்வளவு தாங்கும்? 1963-ல் லியோ, இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவோடு இணைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே லயன்ஸ் தன் பங்கை விற்று விலகியது. பல இணைப்புகளுக்குப் பின் 1968-ல் அது ஐ.சி.எல். ஆயிற்று. லயன்ஸும் 1978-ல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

ஆகவே இந்தக் கதையில் பாடம் இரண்டு. தன் வேலையைத் தெரிந்தவர்கள் தன் கம்பெனியை மாற்றினார்கள். அதில் அவர்களுக்கு வெற்றி. கம்ப்யூட்டர் விற்பது என்பது வேறு தொழில். அதற்கு வேண்டிய முதலும் ஆள்பலமும் அவர்களிடம் இல்லை. ஒன்றில் தேர்ந்தவர் எல்லாவற்றிலும் தேர்ந்தவர் ஆகிவிட மாட்டார்.

நமக்கு இதில் என்ன?

கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவருக்குத் தனிப் பதவிப் பெயர் கொடுத்து இயக்குநர் குழுவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கும் வழக்கம் 1980-களில்தான் பரவியது. சிம்மன்ஸுக்கு அந்தப் பட்டம் ஏதும் கிடையாது. அவர் கம்பெனியின் கணக்குத் தலைமை அதிகாரி. ஆயினும் பேக்கரியில் அடுப்பு எப்போது மூட்டப்படுகிறது என்பதும் கடையில் பில் எப்படிப் போகிறது என்பதும் அவருடைய ஆட்களுக்கு அத்துபடி. அதனால்தான் கம்பெனி அவர்களை நம்பிப் பணம் கொடுத்தது.

நம் முன்னாள் மாணவர்களில் பலர் இன்று வங்கிகளிலும் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் பெரிய பொறுப்பில் இருக்கிறீர்கள். செயற்கை நுண்ணறிவு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தினமும் உங்கள் மேசைக்கு வருவார். கையெழுத்துப் போடுமுன் ஒரு நடை கீழ்த்தளத்துக்குப் போய் வாருங்கள். கவுன்ட்டரில் இருக்கும் அம்மாவிடம், "உங்களுக்கு இதிலே தினம் எது தலைவலி?" என்று கேளுங்கள். அந்தப் பதில் உங்களிடம் இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரமும் பழைய தலைவலியைத்தான் வேகமாகச் செய்து கொடுக்கும்.

இந்நாள் மாணவர்களே! இயந்திரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பாதரசக் குழாய் போயிற்று, துளை அட்டை போயிற்று. நீங்கள் இன்று படிப்பதும் ஒரு நாள் போகும். வேலையைக் கூர்ந்து பார்க்கும் கண் மட்டும் போகாது. அதை இந்தக் கல்லூரியில் இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!