பொருநை முகத்துவாரம் – 17: பத்தாண்டில் ஐந்து தேர்தல்

ஆத்தூர் என்றதும் சேலத்து ஆத்தூரா, திண்டுக்கல் ஆத்தூரா என்று கேட்பவர்கள் உண்டு. நாம் பேசுவது வெற்றிலை ஆத்தூர். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், முக்காணி தாண்டித் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்தால் வரும் ஊர். சோமநாதர் கோயில் கல்வெட்டுகள் ஊரின் பழமையைச் சொல்கின்றன. சாலையோரம் நிழல் கட்டி நிற்கும் கொடிக்கால்கள் அதன் பிழைப்பைச் சொல்கின்றன. இங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் புன்னைக்காயலில் ஆறு கடலோடு சேர்ந்துவிடும். 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த ஊர் திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருந்தது. 2008 தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு அந்தப் பெயரில் நாடாளுமன்றத் தொகுதியே இல்லை. 2009 முதல் இது தூத்துக்குடித் தொகுதி. ஆனால், வாக்குப் போட்டும் நிலையான ஆட்சி அமையாதபோது ஒரு குடிமகன் என்ன பாடுபடுகிறான் என்பதை அறிய, மறைந்துபோன அந்தத் திருச்செந்தூர்த் தொகுதியின் கதையைத்தான் படிக்க வேண்டும்.

சென்ற இதழில் 1952-ஐப் பார்த்தோம். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 மட்டுமே கிடைக்க, தேர்தலில் நிற்காத ராஜாஜி மேலவை நியமன உறுப்பினராகி முதலமைச்சரானார். இந்த வாரம் அதே சிக்கல் டெல்லிக்குப் போன காலம். 1989 நவம்பர், 1991 ஜூன், 1996 மே, 1998 பிப்ரவரி, 1999 செப்டம்பர். பத்தாண்டு நிறைவதற்குள் நாடாளுமன்றத்துக்கு மட்டும் ஐந்து முறை ஆத்தூர்க்காரர்கள் விரலில் மை வைத்துக்கொண்டார்கள்.

கலைந்த இரண்டு தீர்ப்புகள்

1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல். தி.மு.க. அறுதிப் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தது. திருச்செந்தூர் சட்டமன்றத் தொகுதியில் தி.மு.க.வின் கே.பி.கந்தசாமி வென்றார். அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். மக்கள் அப்படியே திரும்பி வாக்களித்தார்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38 காங்கிரஸ்–அ.தி.மு.க. கூட்டணிக்கு. தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூட இல்லை. திருச்செந்தூரில் காங்கிரசின் ஆர்.தனுஷ்கோடி ஆதித்தன் வென்றார்.

டெல்லியில் நடந்தது வேறு. காங்கிரஸ் 197 இடங்களோடு பெரிய கட்சியாக வந்தும் எதிர்வரிசையில் உட்கார்ந்தது. 143 இடம் பெற்ற ஜனதா தளத்தின் வி.பி.சிங், பா.ஜ.க.வும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கப் பிரதமரானார். மாநிலங்களவை உறுப்பினரான தி.மு.க.வின் முரசொலி மாறன் மத்திய அமைச்சரானார். நாங்கள் 38 பேரை அனுப்பினோமே, அமைச்சரவையில் இருப்பது நாங்கள் தோற்கடித்த கட்சியா என்ற கேள்வி எழுந்தது. சட்டப்படி அதில் தவறில்லை. வாக்களித்தவன் மனம் ஆறவில்லை என்பதும் உண்மை.

மறுபக்கத்தாருக்கும் அந்த வருத்தம் விரைவில் வந்தது. 1990 நவம்பர் 7 அன்று வி.பி.சிங் 142–346 என்ற கணக்கில் தோற்றார். ஜனதா தளத்திலிருந்து பிரிந்து வந்த சுமார் 60 உறுப்பினர்களை மட்டும் வைத்துக்கொண்டு, காங்கிரஸ் தயவில் சந்திரசேகர் பிரதமரானார். அந்த அரசு 1991 ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டின் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், அறிக்கை இல்லாமலே கலைத்தது. ஐந்து வாரம் கழித்து, மார்ச் 6 அன்று சந்திரசேகரும் பதவி விலகினார். நவம்பரில் இட்ட வாக்கு டெல்லியில் பலிக்கவில்லை. ஜனவரியில் இட்ட வாக்கைச் சென்னையில் நீடிக்க விடவில்லை. ஒரே வாக்காளனின் இரண்டு தீர்ப்புகளும் இப்படிக் கலைந்தன.

1991-ல் நரசிம்ம ராவ் அரசும் பெரும்பான்மை இல்லாமல்தான் தொடங்கியது. 1993 ஜூலை 28 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலிருந்து 251–265 என்று தப்பியது. தப்பிய விதம் பற்றி எழுந்த ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா லஞ்ச வழக்கில், பணம் வாங்கி வாக்களித்த உறுப்பினருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை 7 நீதிபதிகள் கொண்ட அமர்வு மாற்றி எழுத 2024 மார்ச் 4 வரை நாடு காத்திருந்தது.

சைக்கிளில் வந்த அமைச்சர்

1996-ல் ஆத்தூர்ப் பகுதி வாக்காளரின் குறை தீரும்போல் இருந்தது. மூப்பனார் தொடங்கிய தமிழ் மாநில காங்கிரஸ், தி.மு.க.வோடு சேர்ந்து நின்றது. 39 இடமும் அந்த அணிக்கே. இந்த முறை சைக்கிள் சின்னத்தில் வென்ற தனுஷ்கோடி ஆதித்தன் மத்திய இணை அமைச்சரும் ஆனார். தொகுதியின் குரல் அமைச்சரவைக்குள் போய்விட்டது என்று மக்கள் நம்பினார்கள்.

ஆனால் அந்த அரசின் உயிர் காங்கிரசின் கையில் இருந்தது. பிரதமர் தேவகவுடா 1997 ஏப்ரல் 11 அன்று 158–292 என்று விழுந்தார். அடுத்து வந்த குஜ்ராலிடம், ராஜீவ் காந்தி கொலை பற்றிய ஜெயின் கமிஷன் இடைக்கால அறிக்கையைக் காட்டி தி.மு.க. அமைச்சர்களை நீக்கு என்றது காங்கிரஸ். அவர் மறுத்தார். நவம்பர் 28 அன்று ஆதரவு வாபஸ். ஐந்தாண்டுக்கு அனுப்பிய உறுப்பினர் இருபது மாதத்துக்குள் ஊர் திரும்பினார்.

ஏப்ரல் 17

1998-ல் தமிழ்நாடு மறுபடி திரும்பியது. அ.தி.மு.க.–பா.ஜ.க. அணிக்கு 30 இடங்கள். திருச்செந்தூரில் வென்றவர் அ.தி.மு.க. வேட்பாளரான நடிகர் ராமராஜன். பக்கத்துத் திருநெல்வேலியில் வென்ற கடம்பூர் ஜனார்த்தனன் மத்திய இணை அமைச்சரானார். நிலையான ஆட்சி, திறமையான பிரதமர் என்பதுதான் பா.ஜ.க.வின் பிரசாரம். தெற்கே அந்த அணிக்கு விழுந்த வாக்குகளில் ஒரு பகுதி அந்தச் சொல்லை நம்பி விழுந்தவை.

அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று சென்னையில் நடந்த அண்ணா பிறந்தநாள் விழாவில், சேதுசமுத்திரத் திட்டம் நிறைவேற்றப்படும் என்று பிரதமர் வாஜ்பாய் அறிவித்தார். தூத்துக்குடி துறைமுகம் வளரும் என்று வரவேற்றவர்கள் இருந்தார்கள். மீன்பாடு போய்விடும் என்று அஞ்சிய கடற்கரைக்காரர்களும் இருந்தார்கள். இரு தரப்புக்கும் விளக்கம் சொல்ல ஓர் அரசு இருந்திருக்க வேண்டும். ஏழே மாதத்தில் அந்த அரசு இல்லை.

கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத் 1998 டிசம்பர் 30 அன்று பதவி நீக்கம் செய்யப்பட்டார். அவரைத் திரும்ப அமர்த்த வேண்டும், பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸை மாற்ற வேண்டும் என்று அ.தி.மு.க. கேட்டது. 1999 மார்ச் 29 அன்று சுப்பிரமணியன் சுவாமி டெல்லியில் தந்த தேநீர் விருந்தில் சோனியா காந்தியும் ஜெயலலிதாவும் சந்தித்தார்கள். ஏப்ரல் 14 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணனிடம் ஆதரவு வாபஸ் கடிதம் சேர்ந்தது. ஏப்ரல் 17 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270.

ஒடிசா முதல்வரான பின்னும் எம்.பி. பதவியை விடாத கிரிதர் கமாங் போட்ட வாக்கை நாடு இன்றும் பேசுகிறது. ஆனால் திருச்செந்தூர்க்காரர்கள் தங்கள் தொகுதியின் கணக்கையும் பார்க்க வேண்டும். அ.தி.மு.க.வின் 18 உறுப்பினர்களில் ஒருவர் இவர்கள் அனுப்பியவர். எந்த அரசை அமைப்பதற்காக இந்தத் தொகுதி வாக்குக் கேட்கப்பட்டதோ, அதே அரசைக் கவிழ்க்க அந்த வாக்கு போனது. நடுவில் யாரும் ஆத்தூர் வந்து, ஏன் கவிழ்க்கிறோம் என்று அனுமதி கேட்கவில்லை. மாற்று அரசாவது வந்ததா? 272 பேர் ஆதரவு உண்டு என்ற சோனியா காந்தியால் அதைக் காட்ட முடியவில்லை. ஏப்ரல் 26 அன்று மக்களவை கலைந்தது. கார்கில் போரைக்கூடக் காபந்து அரசுதான் நடத்தியது.

1999 செப்டம்பரில் மறுபடி தேர்தல். இப்போது தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஒரே அணி. திருச்செந்தூரில் தி.மு.க.வின் ஏ.டி.கே.ஜெயசீலன் வென்றார். நாற்பது மாத இடைவெளியில் மூன்று கட்சிகள், மூன்று உறுப்பினர்கள்.

வாக்குச்சாவடியில் தெரிந்த சலிப்பு

கோபத்தை அளக்க ஒரு வழி உண்டு. 1996-ல் தமிழ்நாட்டில் சுமார் 67 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 1998-லும் 1999-லும் அது சுமார் 58. முந்தையது சட்டமன்றத்தோடு சேர்ந்து நடந்ததால் கூட்டம் அதிகம் என்பதைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 1989 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு மட்டும் தனியாக நடந்த தேர்தலிலும் 67 விழுக்காடு வந்ததே! அந்தப் பத்தாண்டின் முடிவில் நூற்றுக்கு ஒன்பது பேர் கூடுதலாக வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பத்தாண்டில் யாரை அனுப்பினாலும் நிலைக்கவில்லை என்ற அலுப்புக்கு அதில் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும் பெரும்பான்மை இல்லாத அரசென்றாலே பயனற்றது என்ற முடிவுக்கு நாம் வந்துவிடக் கூடாது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. காவிரி நடுவர் மன்றம் அமைந்தது 1990 ஜூனில், வி.பி.சிங் ஆட்சியில். பிற்படுத்தப்பட்டோருக்கு மண்டல் பரிந்துரைப்படி இடஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு ஆகஸ்டில். பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் உயிர் கொடுத்த 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் நிறைவேறியது 1992 டிசம்பரில், நரசிம்ம ராவ் ஆட்சியில். 1996 அக்டோபரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, ஆத்தூர் போன்ற பேரூராட்சி மன்றங்களில் மூன்றில் ஓர் இடம் பெண்களுக்கு என்று ஆனது அந்தத் திருத்தங்களால்தான். பெரும்பான்மை இல்லாத அரசுகள், எல்லோரையும் கேட்டுச் செய்ய வேண்டியிருந்ததால், பெரிய காரியங்களையும் செய்திருக்கின்றன.

ஆகவே குறை எண்ணிக்கையில் இல்லை. யாருக்கும் முழு நம்பிக்கை தரவில்லை என்பதும் மக்களின் தீர்ப்புதான். மாற்று எதுவும் கையில் இல்லாமல், மக்களுக்குப் பதில் சொல்லாமல் கவிழ்த்ததே குறை.

இதைத் தடுக்க ஜெர்மனி ஒரு வழி வைத்திருக்கிறது. அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 67-ஆவது பிரிவுப்படி, அடுத்த பிரதமர் யார் என்று பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் இருக்கிற பிரதமரை இறக்க முடியும். 1972-ல் வில்லி பிராண்டை அப்படி இறக்கப் பார்த்து இரண்டு வாக்கில் தோற்றார்கள். 1982-ல் ஹெல்முட் ஷ்மிட்டை இறக்கி ஹெல்முட் கோலை அமர்த்தினார்கள். நம் நாட்டிலும் நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியல் சட்ட மறுஆய்வு ஆணையம் 2002-ல் இதே கருத்தைச் சொன்னது: நம்பிக்கையில்லாத் தீர்மானத்தோடு மாற்றுத் தலைவர் பெயரையும் வைத்து, இரண்டுக்கும் சேர்த்து வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அந்தப் பரிந்துரை அப்படியே கிடக்கிறது.

கொடிக்கால் போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலில் அகத்தி விதைத்து, அது நிமிர்ந்து நின்ற பிறகுதான் வெற்றிலைக் கொடியை நடுவார்கள். ஒரு அகத்தி பட்டுப்போனால் பக்கத்தில் இன்னொன்று நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதை வெட்டுவார்கள். கொடியைத் தரையில் விட்டுவிட்டு யாரும் அகத்தியைச் சாய்ப்பதில்லை.

2024-ல் மறுபடி எந்தத் தனிக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. பா.ஜ.க.வுக்கு 240 இடங்கள்; தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி இருந்ததால் ஆட்சி அமைந்தது. இனி வரும் தேர்தல்களிலும் இந்த நிலை வரும். அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் ஊருக்கு வேட்பாளர் வரும்போது, யாரைப் பிரதமராக்கப் போகிறீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தக் காரணத்துக்காக ஆதரவை விலக்குவீர்கள், விலக்கும் முன் எங்களிடம் வந்து சொல்வீர்களா என்றும் கேளுங்கள். 1999 ஏப்ரலில் திருச்செந்தூர்த் தொகுதி கேட்க முடியாமல் போன கேள்வி அது.

(தொடரும்)