துறந்தவரும் தொடர்ந்தவரும்

2013 பிப்ரவரி 11 அன்று, ஒட்ராண்டோ நகரத்து மறைசாட்சிகளுக்குப் புனிதர் பட்டம் அளிப்பது குறித்துக் கூடிய கர்தினால்களின் அவையில், போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் இலத்தீனில் ஒரு சிறு அறிக்கையை வாசித்தார். முதுமையால் வலிமை குன்றிவிட்டதாகவும், பிப்ரவரி 28 இரவு 8 மணியோடு பதவியைத் துறப்பதாகவும் அதில் இருந்தது. செய்தியை உலகுக்கு முதலில் சொன்னவர் இத்தாலியச் செய்தி நிறுவனமொன்றின் பெண் நிருபர். அவருக்கு இலத்தீன் தெரியும். செத்த மொழி என்று பட்டம் கட்டுவோர் இதைக் கவனிக்கலாம்.

கர்தினால் குழாத்தின் தலைவர் சொடானோ, தெளிந்த வானத்திலிருந்து விழுந்த இடி என்றார். அன்று மாலையே புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் உண்மையாகவே மின்னல் இறங்கியது. முந்தைய போப் இரண்டாம் யோவான் பவுல் சிலுவையிலிருந்து இறங்கவில்லையே என்று போலந்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. தாம் சிலுவையைக் கைவிடவில்லை என்று பெனடிக்ட் தம் இறுதிப் பொதுச் சந்திப்பில் சொன்னதைப் பலர் அதற்கான மறுமொழியாகவே கொண்டனர்.

அடுத்தவர் யார் என்ற ஊகங்களுக்குக் குறைவில்லை. மிலானின் ஸ்கோலா, பிரேசிலின் ஷெரர், கனடாவின் ஊலே, கானாவின் டர்க்சன் என்று பெயர்கள் உருண்டன. மார்ச் 13 அன்று 115 கர்தினால்கள் ஐந்தாம் வாக்கெடுப்பில் தேர்ந்ததோ அர்ஜென்டினாவின் பெர்கோலியோவை. இத்தாலிய ஆயர் பேரவை அவசரத்தில் ஸ்கோலாவுக்கு வாழ்த்துச் செய்தியே அனுப்பிவிட்டது.

ஆனால் இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருந்தது: துறந்தவரைத் தொடர்ந்தவர் என்ன செய்வார்? 1415இல் பன்னிரண்டாம் கிரகோரி விலகியது திருச்சபைப் பிளவைத் தீர்ப்பதற்கான ஏற்பாடு. தாமாகவே துறந்தவருக்கு நேர்ந்ததை அறிய 1294க்குப் போக வேண்டும்.

27 மாதங்கள் போப் இல்லாதிருந்த திருச்சபை, அவ்வாண்டு ஜூலையில் மொரோனே மலைத் துறவி பியெத்ரோவைத் தேர்ந்தது. எண்பதை ஒட்டிய வயது, நிர்வாகம் அறியாதவர். ஐந்தாம் செலஸ்டின் என்ற பெயரில் லாக்விலாவில் முடிசூடி, நேப்பிள்ஸ் அரசனின் பிடிக்குள் சிக்கி, போப் பதவி விலகலாம் என்று தாமே விதி செய்து, டிசம்பர் 13 அன்று விலகினார். பதினொரு நாளில் கயெத்தானி குடும்பத்துக் கர்தினால், எட்டாம் போனிஃபேஸ் ஆனார். சட்ட வல்லுநர், செலஸ்டினின் விலகலுக்கு வழி சொன்னவரும் அவரே.

முதியவருக்கு வேண்டியிருந்தது தம் குகை மட்டுமே. போனிஃபேஸோ அவரை வெளியே விட அஞ்சினார். விலகல் செல்லாது என்று எவரேனும் கிளம்பினால், உயிரோடிருக்கும் பழைய போப்பே கொடியாகிவிடுவார். தப்பியோடிய செலஸ்டின் அட்ரியாட்டிக் கரையில் பிடிபட்டார். ஃபூமோனே கோட்டையில் காவலில் இருந்து 1296 மே மாதம் இறந்தார். போனிஃபேஸின் அச்சம் வெறும் கற்பனையன்று: மறு ஆண்டே கொலோன்னா கர்தினால்கள் இருவர் அந்த விலகல் செல்லாது என்று அறிக்கை விட்டனர். ஆயினும் அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதற்காக அந்தச் சிறையை நியாயப்படுத்த என்னால் இயலவில்லை.

இலக்கியமும் இரண்டாகப் பிரிந்தது. நரகத்தின் வாயிலில் தாந்தே பெயர் சொல்லாமல் நிறுத்தும் கோழையைச் செலஸ்டின் என்றே பழைய உரையாசிரியர் பலர் கொண்டனர். பெத்ரார்க்கோ தனிமை வாழ்வைப் பற்றிய நூலில் அவரைப் போற்றினார். ஒருவர் பொறுப்பைக் கண்டார், மற்றவர் விடுதலையைக் கண்டார்.

பெனடிக்ட் இதையெல்லாம் அறிந்தவர். 2009இல் பூகம்பத்தால் சிதைந்த லாக்விலாவுக்குச் சென்றபோது தம் தோள்பட்டையைச் செலஸ்டினின் கல்லறைப் பேழைமேல் வைத்துவிட்டு வந்தார். பதவியின் கடைசி நாளில், இன்னார் என்றே தெரியாத அடுத்த போப்புக்குக் கீழ்ப்படிவதாகக் கர்தினால்கள்முன் வாக்களித்தார். போனிஃபேஸின் அச்சத்துக்கு எழுநூறு ஆண்டு கழித்து வந்த பதில் இது என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியும் விலகல் செல்லாது என்போர் கிளம்பாமலில்லை. அவரே எழுத்தில் மறுக்க வேண்டியிருந்தது.

2022 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் லாக்விலா சென்று செலஸ்டினைப் புகழ்ந்தபோது, இவரும் விலகப்போகிறார் என்று செய்தியாளர்கள் கணித்தனர். அவர் விலகவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று பெனடிக்ட் மறைந்தார். 2023 ஜனவரி 5 அன்று அடக்கத் திருப்பலியைத் தொடர்ந்தவரே நடத்தினார்.